அப்பா மைதானத்தில் கத்திய சொல்

நனைந்த பனியன் "சோபாஜ்" என்கிற அறைச் சூடாக்கியில் காய்கிற சேற்று மணமும், அம்மா தம்பியின் தோளில் தேய்க்கும் கற்பூரத் தைலத்தின் காரமும் கலந்ததுதான் பிரெஞ்சுத் தலைநகரின் மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் ஒற்றையறை வீட்டின் ஞாயிறு மாலை. ஊரில் யுத்தம் முடிந்த வருடம் அது. தன் சகோதரர் இருவரைப் பற்றியும் தகவல் நின்றுபோன பிறகு அப்பா வீட்டில் பேசுவதையே விட்டிருந்தார். ரெஸ்டோரன்ட் குசினியில் வேலை, வந்தால் சுவரைப் பார்த்தபடி சாப்பாடு. அவர் வாய் திறந்தது சார்செல் புறநகர் மைதானத்தில் மட்டும்தான்.

அங்கே தம்பி ரூபன் ஆடியது பதின்மூன்று பேர் ரக்பி, பிரெஞ்சுக்காரர் வாயில் "த்ரெஸ்". பந்தோடு ஓடுகிறவனை விழுத்தியதும் எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும்; அவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டுவான். அப்பாவுக்கு விளங்கிய ஒரே சட்டம் அது. தம்பி விழும்போதெல்லாம் கோட்டோரத்தில் நின்று, "எழும்படா! எழும்பு!" என்று தொண்டை கிழியக் கத்துவார். அவனும் எழும்புவான். எனக்கு அது கொண்டாட்டம். வாரத்தில் ஒரு நாளாவது அப்பா எங்களுக்குக் கிடைத்தார்.

பிறகு பள்ளிக்கூடங்கள் வந்தன. பதினைந்து பேர் ரக்பி ஆடும் விடுதிப் பள்ளிகள், "த்ரெஸ்" பெடியன்களைப் பொறுக்கிக்கொண்டு போயின. எங்கள் வீட்டுக்கும் கோட்டுப் போட்ட இருவர் வந்து, வேறு இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்து, தம்பியின் கால்களைப் புகழ்ந்தார்கள்.

"படிப்பு, சாப்பாடு எல்லாம் அவையின்ரை பொறுப்பாம். வீடு தேடி வந்து கேக்கினம், வேண்டாமெண்டு சொல்லுறதோ?" என்றார் அம்மா. அப்பா "ஓம்" என்றார்.

பதினைந்து பேர் ஆட்டத்தில் விழுந்தவன் பந்தை விட்டுவிட்டுத் தலையைக் காத்துக்கொண்டு கிடக்க வேண்டும். இரு பக்கத்தாரும் அவன் மேலாக முட்டித் தள்ளுவார்கள். உடனே எழும்பும் பழக்கத்தை மறக்கத்தான் பெரும்பாடாக இருக்கிறது என்று தம்பி தொலைபேசியில் என்னிடம் சொன்னான். அப்பாவிடம் அதை யாரும் சொல்லவில்லை.

அவனுடைய முதல் பெரிய ஆட்டத்துக்கு அம்மா ரோல்ஸ் பொரித்துக் கட்டிக்கொள்ள, ரயிலேறிப் போனோம். தம்பி விழுந்தான். குடை பிடித்து நின்ற பெற்றோர் கூட்டத்தின் நடுவே அப்பா கத்தினார்: "எழும்படா! எழும்பு!" அந்த மைதானத்தில் அது விளங்கியது எங்கள் வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான். தம்பி முழங்காலில் நிமிர்ந்தான். நிமிர்ந்த கழுத்தில் முட்டித் தள்ளிய இரு அணியாரும் மொத்தமாக வந்து மோதினார்கள்.

உயிர் தப்பியது, வலது கை தூக்க வராது. அடுத்த வருடம் பள்ளி அவனை அழைக்கவில்லை. அந்தக் கோட்டுக்காரரில் ஒருவர்கூட மறுபடி எங்கள் கட்டிலில் வந்து உட்காரவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஆளில்லாமல் சார்செல் அணி கலைந்தது. இன்று அந்த மைதானத்தில் கார்கள் நிற்கின்றன. ரூ பஜோல் தெருவில் கோயில் தேர் வரும்போது தம்பி வடம் பிடிப்பதில்லை. தான் வேலை செய்யும் கடையின் வாசலில் நின்றபடியே பார்க்கிறான். அப்பாவை அவன் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

இப்போது காலையில் என் மகனைப் பள்ளிக்கு எழுப்புகிறவர் அப்பாதான். அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார். கட்டிலோரம் குந்தியிருந்து, பிள்ளை தானாகக் கண் திறக்கும்வரை அவன் காலைத் தடவிக்கொண்டிருப்பார்.