கோயில் குளம்னு போங்க

எனக்கு மாதவிலக்கு நின்றபோது என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டவர் என் மாமியார். "இனிமே தூரம் கீரம்னு ஒண்ணும் கெடையாது, நெனச்சப்ப கோயிலுக்குப் போலாம்" என்றார். சிதம்பரத்தில் தேரோடும் வீதியில் குடியிருப்பவளுக்கு வேறென்ன பாக்கியம் வேண்டும் என்பது அவர் எண்ணம்.

ஆனால் அதோடு எரிச்சலும் சேர்ந்து வந்தது. ஒன்றுக்குப் போனால் மிளகாய் அரைத்துத் தடவினதுபோல் இருக்கும். தும்மினால் புடவை நனையும். வேலைக்குக் கடலூர்வரை பஸ்ஸில் போகவேண்டும் என்பதால், பயந்து தண்ணீரே குடிக்காமல் கிளம்புவேன். எல்லோரும் "சூடு" என்றார்கள். மோர், இளநீர், வெந்தயம், எண்ணெய்க் குளியல், ஒன்றும் கேட்கவில்லை. புருஷன் தொட்டாலே உயிர் போகிறதே, அது எந்தச் சூடு? அதை மட்டும் யாரிடமும் கேட்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் கூடத்தில் போய்ப் படுக்க ஆரம்பித்தார். "ஒனக்கு என்னப் புடிக்கல" என்றார் ஒரு நாள். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனிதர் இதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவதா? அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. அவரையும் அழைத்துக்கொண்டு கடலூரில் எங்கள் வழக்கமான டாக்டரிடம் போனேன். வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

"ஒண்ணுக்குப் போனா எரியுது சார். இவரோட இருந்தாலும் வலி தாங்க முடியல."

டாக்டர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணியாச்சில்ல? அப்புறம் என்னம்மா, கோயில் குளம்னு போங்க."

நடராஜரைப் பார்க்க எனக்கு டாக்டர் சீட்டு எதற்கு? வாசலில் இறங்கினால் கோபுரம். இவரும் கூடச் சேர்ந்து சிரித்ததைத்தான் என்னால் செரிக்கவே முடியவில்லை.

சில மாதம் கழித்து, துவைக்க எடுத்த இவர் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. என்னவென்று கேட்டேன்.

"சுகர் இருக்கில்ல, அதுனால அந்த விஷயத்துல கொஞ்சம் தளர்ச்சி. நம்ம டாக்டர்தான் குடுத்தாரு."

அதே டாக்டர். இவருக்கும் அதே பெண்தான், அதே கல்யாணம்தான். ஆனால் இவரைக் குளத்துக்கு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு யாரிடம் வருவதாக உத்தேசம்? வலியோடு கிடக்கிற என்னிடம்தானே! உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே லீவு போட்டுவிட்டு ஒரு லேடி டாக்டரிடம் தனியாகப் போனேன். என் உடம்பைப் பற்றி எல்லாம் விசாரித்து, சோதித்துப் பார்த்தார்.

"சூடெல்லாம் இல்லம்மா. பீரியட்ஸ் நின்னா ஹார்மோன் கொறையும். அந்த எடம் காஞ்சு, தோலு மெலிஞ்சிடும். அதான் எரிச்சலு, வலி எல்லாம். நெறைய பேருக்கு இருக்கு, யாரும் வெளிய சொல்றதில்ல" என்று ஒரு க்ரீம் எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் எரிச்சல் அடங்கியது, வலியும் விட்டது. இவ்வளவுதானா! இதற்கா இத்தனை நாள் நாதியற்றவள் மாதிரி அவதிப்பட்டேன்?

விஷயம் தெரிந்ததும் இவர் கேட்டார், "இத மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேங்க" என்றேன். "வலிக்குதுன்னு ஒங்க பக்கத்துல ஒக்காந்துதான் சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."