கண்ணாடிக்கு வைத்த பொட்டு

தொலைநோக்கியை ஓர் இரவுக்குத் தயார்செய்கிற வேலை இரவில் தொடங்குவதில்லை. மத்தியானமே தொடங்கிவிடும். கல்யாணத்துக்கு முதல் நாளே சமையல்காரர்கள் வந்து காய் நறுக்க உட்காருவதில்லையா, அந்த மாதிரி. பந்தியில் உட்காருகிறவருக்கு அதெல்லாம் தெரியவேண்டியதில்லை. நறுக்கினவளுக்கு மட்டும் கொஞ்சம் கர்வம் இருக்கும். எனக்கு நிறையவே இருந்தது.

ஆவடியில் எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் ஒரு மனமகிழ் மன்றம் இருந்தது. கீழே கேரம் போர்டு, மேலே மொட்டை மாடி, மாடியில் தகரத்தால் செய்த ஒரு வட்டக் கூண்டு. 'வான்நோக்குக் கூடம்' என்று பலகையில் அழகாக எழுதியிருந்தாலும் ஜனங்களுக்கு அது புறாக்கூண்டுதான். உள்ளே எட்டு அங்குலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கி. எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டு இன்ஜினியர்கள் ஒரு டிரம்மின் மேல் கண்ணாடியை வைத்து, அந்த டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடந்தே அதைத் தேய்த்து எடுத்தார்கள். பிறகு ஒருவருக்கு மாற்றல் வந்தது, அடுத்தவருக்கும் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்துகிறவள் என்ற ஒரே காரணத்துக்காகச் சாவி என் கைக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டது.

என் வீட்டுக்காரர் அதே தொழிற்சாலையில் கிரேன் ஆபரேட்டர். திருமுல்லைவாயிலில் பிறந்து வளர்ந்தவர். நான் திருநெல்வேலிக்காரி, அப்பாவின் வேலைக்காகச் சின்ன வயதிலேயே குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். தொழிற்சாலைக் கூரைக்கு அடியில் தொங்குகிற கிரேன் கேபினில் இவர் உட்கார்ந்துகொண்டு, டன் கணக்கில் கனக்கிற இரும்பைத் தூக்கி, சத்தம் வராமல் இறக்கிவைப்பார் என்று என் அப்பாவே சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் என் தொலைநோக்கியில் ஒரு தடவைகூடக் கண்ணை வைத்ததில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு வாய் வலித்துவிட்டது.

"நாள் பூரா மேலர்ந்து கீழ பாத்துக்கினு கீறேன். ஊட்டுக்கு வந்து கீழர்ந்து மேல வேற பாக்கணுமா?" என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவரே சூப்பர்வைசரிடம் போய், தன்னைக் கேபினிலிருந்து இறக்கிவிடச் சொல்லிவிட்டு வந்தார். கொக்கிக்குப் பக்கத்தில் நின்ற ஆள் தனக்குத் தெரியவில்லை என்றார். டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரப் பார்வையை அரித்துவிட்டது என்றார். இடது கண் ஏறக்குறைய போயேவிட்டது. வலது கண்ணில் நடு மட்டும் மிச்சம், ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. ஆபரேஷன் செய்தால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது. சிலருக்கு அந்த நடுவும் போய்விடுவது உண்டு என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்கு அன்று எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. இப்போது நன்றிதான் இருக்கிறது.

விஜயதசமிக்கு மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் சேரவேண்டும் என்று முடிவானது. அந்த வாரத்தில் ஒரு நாள், சாப்பிட்டுக் கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"வளையம் போட்ட கெரகம்னு சொல்லுவியே, அது இப்ப தெரியுமா?"

தெரியும் என்றேன். அந்த வருஷம் ஐப்பசி மாலைகளில் சனி தெற்கே நல்ல உயரத்தில் இருந்தது, இருட்டினவுடனே பார்த்துவிடலாம். மழைதான் பயம். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பொங்கல் வரைக்கும் கூண்டைத் திறக்க முடியாது. விஜயதசமி சாயங்காலம் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு சாயங்காலம் கிடைக்குமோ கிடைக்காதோ என்பதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் வெயில் இருக்கும்போதே மாடிக்குப் போனேன். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸால் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் தடிமனாக வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டே ஏறினேன். இருட்டில் இறங்கும்போது அவருக்குப் படி தெரியவேண்டும். அவர் எனக்குப் பின்னால் சுவரைத் தடவிக்கொண்டு வந்து, கூண்டுக்குள் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

முதல் வேலை, கூண்டைத் திறந்து உள்ளே அடைந்திருக்கும் சூட்டை வெளியே விடுவது. கண்ணாடி சூடாக இருந்தால் அதன் மேல் காற்று அலையும், கிரகம் கொதிக்கிற தண்ணீருக்குள் கிடப்பதுபோலத் தெரியும். தரையில் கோணிப்பையை நனைத்துப் போட்டேன். கூரை சுற்றுகிற சக்கரங்களுக்குக் கிரீஸ் வைத்தேன். குறி பார்க்கிற சின்னக் குழாய்க்குள் குளவி கட்டியிருந்த மண்கூட்டைக் குச்சியால் எடுத்தேன். பெரிய குழாயைச் சுற்றி ஒரு முழம் சாமந்தியும் மூன்று விபூதிப் பட்டையும் இருந்தன. முந்தின நாள் ஆயுத பூஜை, மன்றத்தில் யாரோ போட்டிருப்பார்கள் என்று சிரித்துக்கொண்டேன்.

பிறகு அடியில் இருக்கும் கண்ணாடியின் மூடியை எடுத்தேன். கண்ணாடிக்கு நடுவில், ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குச் சந்தனம். அதற்கு நடுவில் குங்குமம்.

இதைப் படிக்கிறவர்களுக்கு அந்தக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பூச்சு பின்பக்கத்தில் இருக்காது, முன்பக்கத்தில் இருக்கும். மூச்சுப் பட்டால்கூட எனக்கு மனசு பதறும். புடவைத் தலைப்பு உரசினால் கீறல் விழும். நான் விரலால் தொட்டதே கிடையாது.

"யார் பாத்த வேல இது?" என்று கத்தினேன்.

"நான்தான்," என்றார் ஸ்டூலில் இருந்தபடி.

நான் முந்தின நாள் சாயங்காலம் கொலு பார்க்கப் போயிருந்தபோது, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு தனியாக மாடி ஏறியிருக்கிறார். பார்வை மங்குகிற நேரத்தில், கையில் சந்தனக் கிண்ணத்தோடு. எனக்கு எதற்குக் கோபப்படுவது என்றே தெரியவில்லை, கண்ணாடிக்கா, படிக்கட்டுக்கா.

"என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கீய? இதைக் கழுவி எடுத்து, காய வச்சு, திருப்பி மாட்டி... இன்னிக்கு ஆகுமா? விழுந்து கிழுந்து தொலைச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"கோவம் வந்தா தின்னேலி பாஷை வந்துடுது பாரு," என்றார். "இன்னா டீச்சரே, மிஷின் துடைக்கிற வேஸ்ட்டு துணி கீதுல்ல, அத்த வெச்சி ஒரு தொட தொடைச்சா போச்சு."

எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற காட்டன் வேஸ்ட்டால் துடைக்க வேண்டுமாம். கையை ஓங்கிக்கொண்டு போய்விட்டேன், அடிக்கவில்லை. அவர் எங்கோ நேராகப் பார்த்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துச் சொன்னார்:

"வருஷா வருஷம் என் கிரேனுக்கு நான்தான் பொட்டு வெப்பேன். இந்த வருஷம் புச்சா வந்த பையன் வெச்சான். எனக்குன்னு ஒரு மிஷின் இல்ல. சரி, உன்னுதுக்கு வெப்போம்னு வந்தேன். இன்னிக்கி எனக்குக் காட்டப்போறது அதுதானே."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேலே கூரையில் திறந்திருந்த பிளவில் பஞ்சு பஞ்சாக மேகம் போய்க்கொண்டிருந்தது. கழுவுவதற்கு நேரமில்லை. காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினால் பூச்சு போய்விடும். மழைக்காலம் முடிந்து பார்க்கலாம் என்று எல்லோரிடமும் சொல்லலாம், அவரிடம் சொல்ல முடியாது.

வேறு வழியில்லாமல், எப்படித்தான் தெரிகிறது பார்ப்போம் என்று எழுந்தேன். இந்த வகைத் தொலைநோக்கியில் வெளிச்சம் குழாய் வழியாக இறங்கி அடியில் இருக்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். குழாயின் வாய்க்கு அருகில் சாய்வாக ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கும், அது அந்த வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதைச் சரிசெய்வதுதான் தயாரிப்பிலேயே என் உயிரை வாங்குகிற வேலை. நடு எது என்று குத்துமதிப்பாகப் பிடித்துக்கொண்டு, திருகாணிகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகிக்கொண்டிருப்பேன்.

கண் வைத்துப் பார்க்கிற வில்லையைக் கழற்றிவிட்டு, வெறும் துவாரத்தில் கண்ணை வைத்தேன். அடிக் கண்ணாடி வட்டமாகத் தெரிந்தது. அதற்குள் குட்டிக் கண்ணாடியின் நிழல் கறுப்பாக, அந்த நிழலுக்குள் பளிச்சென்று பொட்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. குட்டிக் கண்ணாடி குறுக்கே நிற்பதால் அடிக் கண்ணாடியின் நடுவுக்கு வெளிச்சமே வருவதில்லை. அந்த இடம் எந்த இரவிலும் எதையும் பார்த்தது கிடையாது. பள்ளிக்கூடத்தில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன், பதற்றத்தில் மறந்துபோனேன். பொட்டினால் ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டமில்லாதது மட்டுமல்ல, நடு எது என்று இதுவரை எனக்கு யாரும் இப்படிக் காட்டிக்கொடுத்ததும் இல்லை. பொட்டைக் குறியாக வைத்துத் திருகாணிகளைத் திருப்பினேன். எப்போதும் சாயங்காலம் முழுவதும் பிடிக்கிற வேலை, ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் முடிந்தது.

அவரிடம் சொன்னேன்.

"அப்ப அதுக்கு நடு குருடு, எனக்கு ஓரம் குருடு," என்றார். "ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழுக் கண்ணு."

உதிர்ந்து கிடந்த குங்குமத் தூளை மட்டும் ரப்பர் பந்தால் ஊதி எடுத்தேன். முகத்தை அவர் பக்கம் திருப்பாமலே ஊதினேன்.

இருட்டுகிற நேரத்தில் எதிர்வீட்டு அக்கா ஒரு தூக்கில் சுண்டலோடு ஏறி வந்தார், பின்னால் இன்னும் நாலைந்து வீட்டுக்காரர்கள். மன்றத்து விளக்குகளை அணைத்துக் கொடுத்தார்கள். நாளைக்கு ஆபரேஷனுக்குப் போகிறவர் இன்று எதைப் பார்க்கப்போகிறார் என்று தெரிந்ததும் அக்கா திடுக்கிட்டுப் போனார்.

"சனியையா? கோயில்லயே அவரு எதிர்ல நிக்கக் கூடாது, ஓரமா நின்னுதான் கும்பிடணும்னு சொல்லுவாங்க. நேருக்கு நேரா பாப்பாங்களா யாராச்சும்?"

"ஓரமா நின்னு பாக்க எனக்கு ஓரமே இல்லியேக்கா," என்றார் அவர். அக்கா உள்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மேகம் கிழக்கே ஒதுங்கியிருந்தது. தசமி நிலாவுக்கு மேற்கே சனி நின்றது. குழாயைத் திருப்பி, குறி பார்த்து, வில்லையைப் போட்டுத் தெளிவாக்கினேன். பிறகு அவர் தலையைப் பிடித்து வலது கண்ணைக் கொண்டுபோய் வைத்தேன்.

ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. பூமி சுற்றுவதால் கிரகம் வட்டத்தை விட்டு நழுவும், அவர் தோளுக்கு மேலே கையை நீட்டி நான் குழாயை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தேன். தெரியவில்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

"இத்த எவன் தூக்கி வெச்சான்?" என்றார் கடைசியில். "கொக்கியே இல்லாம நிக்கிது. வளையம் எங்கியும் முட்டல."

அவ்வளவுதான். நான் அழுதேன், இருட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அவர் நகர்ந்ததும் அக்கா சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கண்ணை வைத்தார். கொஞ்ச நேரம் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா சுத்திலும் ஒரே இருட்டா இருக்கே. நடுவுல ஒரு வட்டம் மட்டும்தான் தெரியுது. உங்களுக்கும் இப்படித்தான் தெரிஞ்சுதா?"

"எனக்கு எப்பவும் அப்டித்தான்க்கா தெரியுது," என்றார் அவர். வருத்தமாகச் சொல்லவில்லை. தன் வீட்டுக்கு வந்தவர்களுக்கு இடம் காட்டுகிறவர் மாதிரி சொன்னார். அன்று வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, அவர் உலகத்தைப் பார்க்கிற மாதிரியே பார்த்துவிட்டுப் போனார்கள். படியிறங்கும்போது சாக்பீஸ் கோடுகளைக் கால்விரலால் தொட்டுத் தொட்டு அவர் முன்னால் போனார், நான் பின்னால் போனேன்.

மறுநாள் சேர்த்தோம், அதற்கு அடுத்த நாள் ஆபரேஷன். கட்டு அவிழ்க்கிற காலையில் நான் ஸ்டிக்கர் பொட்டு வைத்துக்கொள்ளவில்லை. பூஜையில் மீந்திருந்த குங்குமத்தை எடுத்து, நெற்றிக்கு நடுவில் நல்ல பெரிதாக வைத்துக்கொண்டு போனேன். டாக்டருக்கு, அந்தக் கண்ணாடியைத் தேய்த்த இன்ஜினியர்களுக்கு, ஒருநாள் மட்டும் விலகிக்கொடுத்த மேகத்துக்கு, எல்லோருக்கும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே கட்டிலுக்கு எதிரில் நின்றேன், ஓரமாக அல்ல, நேருக்கு நேராக. நர்ஸ் பஞ்சை எடுத்தார். டாக்டர் என்னைப் பேசவேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, "என்ன தெரியுது, சொல்லுங்க," என்றார்.

அவர் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார்.

"பொட்டு," என்றார். "நடுவுலதான் கீது."