உத்தரம் கேட்ட சனிக்கிழமை

ஆண்களுக்கெல்லாம் எல்லைப் பைத்தியம் பிடித்திருந்த காலத்தில்தான் வீடு கட்டும் சங்கத்தின் தலைவர் வேலை என் தலையில் வந்து விழுந்தது. பாறசாலைப் பக்கத்து எங்கள் கிராமங்கள் சென்னையோடு சேர வேண்டுமா, திருவனந்தபுரத்தோடு நிற்க வேண்டுமா என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை. சங்கத்துக் கமிட்டியும் இரண்டாகப் பிளந்தது. ஒருவர் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர் உட்காரமாட்டார். இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரே ஓர் ஆள் மிஞ்சினாள். பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர், அதாவது நான். இரு பக்கத்தையும் ஒரே மாதிரி திட்டுவேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இருந்ததாக நினைவில்லை.

சங்கம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆபீஸ் கிடையாது. எங்கள் வீட்டுப் புளியமரத்தடிதான் ஆபீஸ். புறம்போக்கில் ஓலைக் குடிசை போட்டிருக்கும் ஏழைகளுக்கு, யாராவது மனமிரங்கிக் கொடுக்கும் துண்டு நிலத்தில் ஓடு போட்ட சின்ன வீடு கட்டிக் கொடுப்போம். மரம் உள்ளவர் மரம் தருவார், கல் உள்ளவர் கல் தருவார், ஒன்றும் இல்லாதவர் வந்து மண் குழைப்பார். மண்ணில் தண்ணீர் விட்டு மிதிக்கும்போது எழும் வாசனையும், மத்தியானம் வரிசையாக உட்கார்ந்து குடிக்கும் கஞ்சியும், அவித்த மரச்சீனிக் கிழங்கும், சுட்ட கருவாடும் எனக்கு இன்றைக்கும் ஏக்கம் தருகின்றன. அந்தக் கஞ்சிக்கு நிகராக எந்தக் கல்யாண விருந்தையும் நான் சொல்லமாட்டேன். பாதிப் பேச்சு தமிழில் நடக்கும், பாதி மலையாளத்தில் நடக்கும். எது எதில் நடந்தது என்று கேட்டால் பேசியவருக்கே தெரியாது.

அந்த வருஷம் நாங்கள் கையில் எடுத்தது ஒரு மீன்காரியின் வீடு. பூவாறில் கருவாடு எடுத்து, தலைச்சுமையாகப் பனச்சமூடு சந்தைவரை நடந்து விற்கிறவள். புருஷன் இல்லை. ஒரே மகளை விளவங்கோடு பக்கம் கட்டிக் கொடுத்திருந்தாள். அவளுக்கு நாக்கு நீளம். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்தது. சந்தையில் கருவாட்டை மூக்கருகே கொண்டுபோய்க் குறை சொன்ன ஒருவரிடம், "செத்த மீனு பின்ன மல்லிகப் பூ மணக்குமா?" என்று கேட்டவள்.

ஆனால் அந்தப் பங்குனியில் என் வீட்டுக்கு வந்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

"டீச்சரே, எனக்க மவளுக்கு ஏழாம் மாசமாக்கும். தலைப்பிள்ள. கூட்டிட்டு வரப் போனேன். மாமியாக்காரி விடமாட்டேங்குதா. கூரை ஒழுகுத இடத்தில எங்க பிள்ளைய எப்படிக் கெடத்துவன்னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல? கேட்டதில தப்பு இல்லியே."

எங்கள் பக்கத்தில் தலைப்பிள்ளைப் பேறு தாய் வீட்டில்தான். அது தவறிப் போனால் பெற்றவளுக்கு ஆயுசுக்கும் குறை. வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை இறங்குவதற்குள் கூரை ஏறியாக வேண்டும். சுவர் எழும்பிவிட்டது. பாக்கி இருந்தது உத்தரமும் ஓடும்தான்.

உத்தரம் என்று நாங்கள் சொல்வது, சுவருக்கு மேல் கிடந்து கூரையைத் தாங்குகிற பெரிய மரத்தை. கேள்விக்குச் சொல்கிற பதிலுக்கும் எங்கள் பக்கத்தில் உத்தரம் என்றுதான் பெயர். இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் அதுவரை யாரும் இல்லை.

உத்தரத்துக்கு அயனி மரம் தருவதாகச் சொன்னவர் தமிழ்க் கட்சிக்காரர். மரம் அறுத்துத் தயாராக அவர் முற்றத்தில் கிடந்தது. ஓடு தருவதாகச் சொன்னவர் மலையாளக் கட்சிக்காரர். ஓடு அவர் கடைக்குப் பின்னால் அடுக்கியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், மரக்காரருக்குக் கோபம் வந்தால் மலையாளத்தில்தான் திட்டுவார். ஓட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தமிழ்ப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடுவார். இதை முகத்துக்கு நேராகச் சொன்னால் இருவருக்கும் பொல்லாத கோபம் வரும். நான் அடிக்கடி சொல்வேன்.

மரத்தைக் கேட்டுப் போனேன். "அவ எந்தப் பக்கம்னு முதல்ல சொல்லட்டும் டீச்சர். நம்ம மரத்தில வீடு கெட்டிட்டு நாளைக்கு அவனுவளுக்குக் கொடி பிடிச்சா?" என்றார் மரக்காரர். ஓட்டுக்காரரிடம் போனேன். அவரும் அதையே சொன்னார், கொடி மட்டும் வேறு.

எனக்கு வந்த கோபத்தில், "மழைக்கு எந்தப் பக்கம்னு கேட்டுட்டு வாருங்க, அதுக்குப் பிறவு அவகிட்ட கேக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். கோபத்தால் கூரை ஏறாது என்பது எனக்குத் தெரியாததல்ல. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். ஒரு வீட்டுக்கான எல்லாமும் ஊரிலேயே கிடக்க, அதை ஒன்று சேர்க்க முடியாத தலைவர் என்ன தலைவர்?

நான் திட்டியது உறைத்ததோ என்னவோ, இருவரும் தனித்தனியாக அல்லாமல் ஒரே நேரத்தில் அவளை விசாரித்துவிடலாம் என்று முடிவு செய்தார்களாம். எங்கள் கொத்தனாரைக் கூப்பிட்டு அவளிடம் சொல்லி அனுப்பினார்கள்: "சனியாழ்ச்ச உத்தரம் முடியணும். நாங்க ரெண்டு பேரும் வாறோம்."

கொத்தனாருக்குத் தெரிந்தது ஒரே உத்தரம். வாழ்நாளெல்லாம் சுவர் கட்டியவர். ஓட்டமும் நடையுமாகப் போய், "ஏ பிள்ளே, உனக்கு யோகமாக்கும்! சனியாழ்ச்ச உத்தரம் ஏறுது. ரெண்டு பேரும் நேரில வாறாங்க" என்று சொல்லிவிட்டார்.

அவள் என்ன செய்வாள்? உத்தரம் ஏற்றுவது எங்கள் பக்கத்தில் ஒரு சின்னத் திருவிழா. அக்கம்பக்கம் முழுவதையும் கூப்பிட்டாள். விற்க வைத்திருந்த நல்ல கருவாட்டையெல்லாம் சுட்டாள். அண்டாவில் கஞ்சி வைத்தாள். விளவங்கோட்டுக்கு ஆள் அனுப்பி, மகளின் மாமியாரான சம்பந்தக்காரியையும் வரவழைத்துவிட்டாள்.

சனிக்கிழமை நான் போனபோது முற்றம் நிறைய ஆட்கள். வடக்கயிறு சுருட்டி வைத்திருந்தது. நடுவில் சம்பந்தக்காரி, வெள்ளை முண்டும் மேலே போர்த்திய நேரியதுமாக, கூரையில்லாத சுவரைப் பார்த்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். இதெல்லாம் என்ன என்று நான் கொத்தனாரைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மரக்காரரும் ஓட்டுக்காரரும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். வெறுங்கையோடு.

மீன்காரி அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வண்டி ஏதும் இல்லை.

"உத்தரம் எங்க?" என்று கேட்டாள்.

"அதத்தான் நாங்க உனக்கிட்ட கேக்க வந்தோம்" என்றார் மரக்காரர்.

"எனக்கிட்டயா? எனக்கிட்ட ஏது உத்தரம்? நீங்கல்லியா தாறோம்னு சொன்னிய!"

ஓட்டுக்காரருக்குச் சுருக்கென்று விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கிவிட்டது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த அபூர்வமான சமயங்களில் அது ஒன்று.

மரக்காரர் மட்டும் விடவில்லை. "அந்த உத்தரம் இல்ல பிள்ளே. நீ தமிழ்ப் பக்கமா, மலையாளப் பக்கமா? அதுக்கு நீ சொல்லுத உத்தரம்."

மீன்காரியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவள் மெல்லச் சொன்னாள்: "அண்ணே, நான் பனச்சமூட்டில கருவாட்ட தமிழில விப்பேன், நெய்யாற்றின்கரையில மலையாளத்தில விப்பேன். எந்தப் பக்கம்னு சொன்னா நாளைக்கே சொல்லுதேன். இப்ப எனக்க மவளுக்க மாமியா இருக்கா. அவகிட்ட நான் என்ன உத்தரம் சொல்ல? அத மட்டும் சொல்லித் தாருங்க."

சம்பந்தக்காரி எழுந்து நின்றாள். புறப்படத்தான் எழுந்தாள் என்று நினைத்தேன். அவளோ மரக்காரரைப் பார்த்து, "நான் இருட்டதுக்கு முன்ன வீடு போய்ச் சேரணும். மரம் வருமா, வராதா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த ஊர்க்காரி முன்னால் ஊர்மானம் போகிறதே என்று நினைத்தாரோ, அல்லது உண்மையிலேயே மனம் இளகிற்றோ, மரக்காரர் தோள்துண்டை உதறிக்கொண்டு, "வாங்கலே, முற்றத்திலதான் கெடக்குது" என்று முன்னால் நடந்தார். அத்தனை ஆண்களும் பின்னால் ஓடினார்கள். மரத்தின் ஒரு முனையை அவர் பிடித்தார். மறுமுனையில் தோள் கொடுத்தது யார் என்று பார்த்தால் ஓட்டுக்காரர். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மூச்சு வாங்கியதில் பேச முடியவும் இல்லை.

பொழுது சாயும் முன் உத்தரம் ஏறியது. திங்கட்கிழமை ஓடு வந்தது. மரக்காரருக்குத் தாம் குறைந்தவரல்ல என்று காட்ட, ஓட்டுக்காரர் தடிமனான ஓடாகப் பார்த்து அனுப்பியிருந்தார். மீதி மரவேலை முடிந்து ஓடு வேய்ந்த மறுவாரமே சம்பந்தக்காரி தானே மருமகளைக் கூட்டி வந்து விட்டுவிட்டுப் போனாள்.

அந்தப் பெண் வந்த சில நாளில் ஊர் கலங்கிற்று. கூட்டம் கூடத் தடை வந்தது, பஸ் நின்றது, சந்தை மூடியது, ரோட்டில் போலீஸ். அவள் இன்னும் விளவங்கோட்டிலேயே இருந்திருந்தால் தாய் போய்ப் பார்த்திருக்க முடியாது. பேறு நடந்தது அந்தப் புது வீட்டில்தான். பிறகு எல்லைக் கோடு போட்டார்கள். தாய் கேரளத்திலும் மகள் தமிழ்நாட்டிலும் ஆனார்கள். மரக்காரர் தோற்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டார், ஓட்டுக்காரர் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். சங்கத்தில் அதற்கப்புறம் நாங்கள் கட்டிய வீடுகளுக்கு இருவரும் பழையபடி மரமும் ஓடும் தந்தார்கள்.

எனக்கு அடிக்கடி நினைவில் வருவது பிள்ளை பிறந்த அன்றைய காலை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி போய் நின்றேன். மகள் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தாள். மீன்காரி பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, மேலே ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சரே" என்றாள், "இத்தன வருசமா மழை பெஞ்சா எனக்க முதுகுக்காக்கும் முதல்ல தெரியும். இன்னைக்குக் காதுக்குத் தெரியுது."