சும்மா கிடக்கும் இடம்

அண்ணனுக்குப் பெண் பார்த்து முடித்த வாரத்தில்தான் என்னுடைய வலைத்தளத்தைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்ட உட்கார்ந்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. எங்களுக்குத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒரே காம்பரா, ஒரே ஓர் அறை. முன்னால் இஸ்தோப்பு என்று சொல்கிற ஒடுங்கிய தாழ்வாரம், பின்னால் அடுப்படி. அம்மா, அண்ணன், நான். பெண் வீட்டார் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, சுற்றிலும் பார்த்துவிட்டு, ஒரு கேள்விதான் கேட்டார்கள். "அப்ப தம்பி எங்கங்க படுப்பாரு?"

"அவன் கொழும்புக்கு வேலைக்குப் போறானுங்க" என்று அண்ணன் யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

அப்படி ஒரு வேலை அப்போது இல்லை. கொழும்பில் இணையத்தளம் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனிக்கு எழுதிப் போட்டிருந்தேன். உன் சொந்தத் தளத்தைக் காட்டு, பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று பதில் வந்திருந்தது. அவ்வளவுதான். அந்தப் பதிலை நம்பித்தான் கல்யாணமே இருந்தது.

காட்டுகிற மாதிரியா இருந்தது என் தளம்? கஹவத்தை டவுனில் நான் வேலை பார்த்த கொமியூனிகேஷன் கடையில், ஆள் இல்லாத நேரங்களில் சேர்த்துச் சேர்த்துச் செய்தது. மேலே ஓடுகிற எழுத்து, பக்கத்தில் மணிக்கூடு, முருகன் படம், கிரிக்கெட் ஸ்கோர், மூலைக்கு மூலை மினுக்குகிற நட்சத்திரம். எல்லாவற்றையும் அட்டவணைக்குள் அட்டவணை போட்டு அடைத்து வைத்திருந்தேன். ஒன்றைத் தொட்டால் நாலு சரியும்.

கிரிட் என்கிற கட்ட முறைக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தேன். பக்கத்தை ஒரே அகலத்தில் பன்னிரண்டு நெடுக்குப் பத்திகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பத்திக்குப் பத்தி நடுவில் ஓர் இடைவெளி. எதை வைத்தாலும் அந்தக் கோடுகளை ஒட்டித்தான் நிற்க வேண்டும். வாசிக்கும்போது சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது. செய்ய உட்கார்ந்தால் உயிரை வாங்கியது. போட்டோ கொப்பி எடுக்க ஒருவர், சவூதிக்குப் போன் கோல் எடுக்க ஒருவர் என்று எழும்பி எழும்பிப் போய் வருவதற்குள் எந்தப் பத்தியில் நின்றேன் என்பதே மறந்துவிடும். தமிழ்ச் சொற்கள் வேறு ஒடுங்கிய பத்திக்குள் அடங்காமல் அடுத்த பத்திக்குள் காலை நீட்டும். எழுத்தைச் சிறிதாக்கினால் வாசிக்க முடியாது. ஒன்றை அகட்டினால் மற்றது நெரிபடும். கண் எரிச்சலோடுதான் ஒவ்வொரு நாளும் பஸ் ஏறினேன்.

இதையெல்லாம் விட என்னைப் பாடாய்ப் படுத்தியது அந்த வெற்றிடம்தான். கட்ட முறையில் இடம் விட வேண்டும். எங்களுக்கு இடத்தைச் சும்மா விட்டுப் பழக்கமே இல்லை. கட்டிலுக்கு அடியில் விறகு, கதவுக்குப் பின்னால் கொழுந்துக் கூடை, அடுப்புக்கு மேலே பலாக்கொட்டைச் சாக்கு என்று வளர்ந்த கை இது. வலது பக்கம் மூன்று பத்திகளைக் காலியாக விட்டிருப்பேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் மனசு கேட்காது, ஒரு கலண்டரைக் கொண்டுபோய் வைப்பேன். பிறகு எடுப்பேன். மறுநாள் அங்கே முருகன் வந்து நிற்பார். அவரையும் எடுக்க வேண்டும்.

நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரருக்கு இது நல்ல வேடிக்கை. "என்ன தம்பி, நீங்க வேலை செய்யச் செய்ய உள்ள சாமானும் காணாமப் போகுது! நான் கண்ணாடி அலுமாரியில இப்பிடி எடம் விட்டா, கடையில சரக்கில்லன்னு ஆள் திரும்பிப் போயிருவாங்க."

"கொழும்புல இப்பிடித்தான் கேக்குறாங்க நானா" என்றேன். சிரிக்கக்கூட அலுப்பாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தூக்கினேன். என் பெயர், செய்த வேலைகளில் நாலு, கடையின் போன் நம்பர். சுற்றிவர வெள்ளை. அழகாகத்தான் இருந்தது. யாரோ வசதியானவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்துவிட்ட மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது. அனுப்பிவிட்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்கினேன்.

கொஞ்ச நாள் கழித்துக் கடைக்கு போன் வந்தது. கம்பெனி ஐயா சிங்களத்தில் பேசினார். தளம் நல்லா இருக்கு மல்லி, அதாவது தம்பி, இடம் விடத் தெரிந்த ஆட்கள் கிடைப்பதில்லை, வேலை உனக்குத்தான் என்றார். எப்போது வரட்டும் என்று கேட்டேன். எதற்கு வர வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். அங்கே இருந்தே செய்து அனுப்பு, இந்தச் சண்டைக் காலத்தில் கொழும்பில் தமிழ் ஆட்களுக்கு அறை கிடைப்பது, பொலிஸில் பதிவது எல்லாம் கரைச்சல்தானே என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நானும் நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா ஈரக் கையோடு வந்து என் கன்னத்தைப் பிடித்தார். "சாமி கண்ணத் தொறந்துருச்சு! வேலையும் கெடச்சிருச்சு, புள்ளையும் வீட்டோட இருக்கும்!" அத்தனை சந்தோசத்தில் அவரை நான் பார்த்து நாளாகியிருந்தது. அண்ணன் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னால் போனேன்.

"சந்தோசம்டா" என்றார், ரோட்டைப் பார்த்தபடி. கொஞ்ச தூரம் நடந்தோம். மழை தூற ஆரம்பித்தது, இரண்டு பேரிடமும் குடை இல்லை.

"நீ கொழும்புக்குப் போகலன்னு பொண்ணு வீட்டுல நீயே வந்து சொல்லிர்றியா?" என்று அண்ணன் கேட்டார். "எனக்கு வாய் வராது."