தம்பிராசா உருட்டிய பீப்பா

குருநகர்க் கிறகோரியிடம் எதை வேண்டுமானாலும் திருத்தக் கொடுக்கலாம். பகையை மட்டும் கொடுக்கக் கூடாது, அதைப் பழுதுபடாமல் வைத்திருப்பான். நல்லூரில் ரேடியோ திருத்தும் கடை அவனுடையது. ஜெர்மனியிலிருந்து அக்கா றோஸ் அனுப்பிய சின்னக் கொம்பியூட்டரை ரீவியில் பொருத்தி, எண்பத்தைந்தில் மாதக்கணக்காகக் கண் சிவக்கக் குந்தியிருந்து ஒரு விளையாட்டு எழுதினான். கொழும்பில் ஒருமுறை பார்த்த விளையாட்டு மாதிரி அதிலும் உச்சியில் ஒரு குரங்கு நின்று பீப்பா உருட்டும். ஏணியில் ஏறுகிறவனை மட்டும் இடுப்பில் சாரம் கட்டிய குருநகர் மீனவனாக்கினான். கொம்பியூட்டரை நிறுத்தினால் எல்லாம் அழிந்துவிடும் என்பதால், விளையாட்டு முழுவதும் கிறீச்சென்ற சத்தமாக மாறி, பாட்டுப் பதிகிற மாதிரியான ஒரேயொரு கசற்றில் பதிந்து கிடந்தது.

பக்கத்துக் கடைத் தம்பிராசா பாட்டுப் பதிந்து விற்பவர். கிறகோரி இல்லாத நேரம் அந்தக் கசற்றை எடுத்துப் போட்டுக் கேட்டார். கிறீச்சென்று இரைந்தது. அதன்மேல் கலியாணப் பாட்டுகளைப் பதிந்து யாருக்கோ விற்றும்விட்டார்.

“வெறும் இரைச்சல்தானே தம்பி, விடும். புதுக் கசற் ஒண்டு தாறன்,” என்று சிரித்தார்.

கிறகோரி பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதையும் முதலிலிருந்து எழுதினான். குரங்கை மட்டும் மாற்றினான்.

அடுத்த ஆண்டு தம்பிராசா அதே தெருவில் பெரிய கடை திறந்தார். லவுட்ஸ்பீக்கர் கட்ட வந்தவன் கிறகோரிதான். குத்துவிளக்கு ஏற்றியானதும் தம்பிராசா கையைத் தூக்கினார்.

“முருகன் பாட்டைப் போடும் தம்பி!”

கிறகோரி தன் விளையாட்டுக் கசற்றைப் போட்டான். தெருவே கிழிகிற மாதிரிக் கிறீச்சிட்டது.

ஷெல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு சத்தத்துக்கு யாரும் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. “ஷெல் வருது!” என்று ஒருவர் கத்த, பட்டு வேட்டிப் பெரிய மனிதர்கள் பின்வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் பாய்ந்தார்கள். உள்ளே மழைத்தண்ணீர் முழங்காலளவு நின்றது. முதலில் பாய்ந்தவர் தம்பிராசா; மற்றவர்கள் அவர்மேல் விழுந்தார்கள். கிறகோரி ஆசை தீர ஓடவிட்டுத்தான் நிறுத்தினான்.

சேறும் சகதியுமாய் ஏறி வந்தார் தம்பிராசா. “டேய், என்னடா போட்டனி?”

“வெறும் இரைச்சல்தானே அண்ணை, விடுங்கோ.”

அத்தோடு அவன் ஆறவில்லை. பின்னேரம் தன் கடை வாசலில் ரீவியையும் கொம்பியூட்டரையும் வைத்து அதே கசற்றை ஏற்றினான். சனம் கூடி, ஆள் மாறி ஆள் விளையாடத் தொடங்கியது. மீனவன் ஏணி ஏணியாக ஏறினான். உச்சியில், குரங்கு நின்ற இடத்தில், தொந்தியும் வேட்டியுமாய்த் தம்பிராசா நின்று பீப்பா உருட்டினார். மீனவன் கை பட்டதும் தலைகுப்புற விழுந்தார். கைதட்டல் கேட்டு எட்டிப் பார்த்த தம்பிராசாவுக்கு முகம் செத்துப் போயிற்று.

கிறகோரி கதிரையை இழுத்துப் போட்டான். “வாங்கோ அண்ணை. எல்லாரும் உங்களை ஒருக்கா விழுத்திப் போட்டினம். நீங்கள்தான் மிச்சம்.”