கதவோரம் தமிழில் ஒரு முகவரி

லண்டன் போகிறவர்கள் என்னிடம் அரண்மனை, கோபுர மணி, மெழுகுச் சிலைகள் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அதையெல்லாம் நானும் பார்த்தேன். ஆனால் அந்தப் பயணத்தில் என் மனதில் தங்கியது நகராட்சி வாடகைக்கு விடும் ஒரு கவுன்சில் வீட்டின் வாசல்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறை. மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருந்த நான், லண்டனின் ஹரோ பகுதியில் டாக்டராக வேலை பார்த்த அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணனிடம் வைத்தியத்துக்கு வந்துகொண்டிருந்த ஜாய்ஸ் என்ற ஜமைக்காக்காரப் பெண்மணி, கிழக்கு லண்டன் புறநகர் ஒன்றின் மனித உரிமைக் குழுவில் அதிகாரி. நிறத்தாலோ நாட்டாலோ தொந்தரவுக்கு ஆளாகிறவர்கள் அங்கே முறையிடலாம். குழு விசாரித்து, போலீசிடமும் கவுன்சிலின் வீட்டு இலாகாவிடமும் எடுத்துச்சொல்லும். தண்டிக்கிற அதிகாரம் கிடையாது. அவர்களுடைய தமிழ் மொழிபெயர்ப்பாளர் விடுப்பில் போயிருந்தார்.

"நீ சும்மாதானே இருக்க? ஒரு நாள் போய்ப் பேசிக் குடுத்துட்டு வா" என்றான் அண்ணன்.

ஹரோவிலிருந்து பாதாள ரயிலின் மெட்ரோபாலிடன் லைனில் கிங்ஸ் கிராஸ். அங்கே விக்டோரியா லைனுக்கு மாறினால் கடைசி ஸ்டேஷன் வால்தம்ஸ்டோ. ஒன்றேகால் மணி நேரம் ஆகும். காலை ஒன்பதரைக்குப் பிறகு கிளம்பினால் நாள் முழுக்கச் செல்லும் டிக்கெட் மலிவு. வால்தம்ஸ்டோவில் ஜாய்ஸ் காத்திருந்தார். அங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். இறங்கிய இடத்தின் பெயரை வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறேன்.

கதவைத் திறந்தவர் பரமேஸ்வரி அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். கதவின் கீழ்ப்பாதி கரியாக இருந்தது. கடிதம் போடும் துவாரம் வழியாக யாரோ எரியும் துணியை உள்ளே தள்ளியிருக்கிறார்கள். மிதியடி பற்றி எரிய, அதைக் காலால் மிதித்தும் கையால் இழுத்தும் அணைத்தவர் அவர் கணவர் நடராசா. வலது கை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தார்.

"வாங்கோ பிள்ளை, இருங்கோ. நீங்கள் இந்தியாவோ?"

"ஆமாம்மா, மதுரை."

ஜாய்ஸ் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். எதிர்வீட்டுக் கிழவர் ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாராம். ஜாய்ஸ் அவரிடம் ஏற்கெனவே போயிருந்தார். "நானும் இதே தெருவில்தானே இருக்க வேண்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாராம். சாட்சி இல்லாமல் போலீஸ் மேற்கொண்டு எதுவும் செய்யவில்லை. குழுவால் வாங்கித் தர முடிந்தது ஒன்றே ஒன்று: நகரின் தென்கோடியில் கோலியர்ஸ் வுட் பக்கம் வேறு வீடு. தீ வைத்தவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். இவர்கள் போக வேண்டும். இதை நான் மொழிபெயர்த்தபோது எனக்கே வாய் கூசியது.

"ஏலாது" என்றார் பரமேஸ்வரி அம்மா. "நாங்கள் எங்கையும் போகமாட்டம் எண்டு சொல்லுங்கோ."

காரணம் அவர்கள் மகன் குமரன். வெளிநாட்டுக்கு ஆள் கடத்தும் ஏஜென்ட் ஒருவரோடு ஊரைவிட்டுக் கிளம்பியவன், மாஸ்கோவிலிருந்து ஒரு முறை போன் செய்து, சீக்கிரம் வந்துவிடுவேன் என்றிருக்கிறான். அதன் பிறகு ஒரு வருடமாகத் தகவல் இல்லை. இதற்கிடையில் யாரோ போனில் அசிங்கமாகத் திட்டத் தொடங்க, போன் நம்பரை மாற்றிவிட்டார்கள். மகனிடம் இருப்பது இந்த வீட்டு முகவரி மட்டும்.

கடிதங்களைப் புது வீட்டுக்குத் திருப்பிவிட ஏற்பாடு செய்யலாம் என்றார் ஜாய்ஸ்.

"கடிதம் வரும் பிள்ளை. ஆள் வந்தால்? அவன் வந்து கதவைத் தட்டேக்கை ஆர் திறப்பினம்?"

இதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

நடராசா மனைவியைப் பார்த்தார். "பரமேசு, அவன் வரேக்கை நாங்கள் உயிரோடை இருக்க வேணும். விளங்குதோ?"

அந்த அம்மா அழவில்லை. எழுந்துபோய் எங்களுக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் அவர்கள் வீடு மாறிய அன்று ஜாய்ஸ் என்னை மறுபடி அழைத்திருந்தார். சாமான் ஏற்றிய வேன் போய்விட்டது. பரமேஸ்வரி அம்மா மட்டும் கையில் ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவோடு வாசலில் நின்றார்.

"புது விலாசத்தை இங்கிலீஷிலை எழுதினால் அவங்கள் அங்கையும் வருவாங்கள். தமிழிலை எழுதினால் அவங்களுக்கு விளங்காதுதானே?"

கவுன்சில் வீட்டுச் சுவரில் எழுத அனுமதி கிடையாது. நான் அந்த அம்மா சொன்னதை ஜாய்ஸிடம் சொன்னேன். "நான் போய் பஸ் வருகிறதா என்று பார்க்கிறேன்" என்று அவர் தெருமுனைப் பக்கம் நடந்தார். அந்த அம்மா அழைப்புமணிக்குப் பக்கத்துச் செங்கல்லில் மகன் பெயரை எழுதி, கீழே விலாசம் முழுவதையும், வீட்டு இலக்கத்தைக்கூட எண்ணாகப் போடாமல் தமிழ்ச் சொல்லாகவே எழுதினார். எழுத்து அழகாக, நிதானமாக இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் மறுபடி லண்டன் போனபோது கோலியர்ஸ் வுட்டில் அவரைத் தேடிப் போனேன். நடராசா இறந்துவிட்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே அந்த அம்மா சொன்னார்: "அவன் வரேல்லை பிள்ளை." பிறகு கோட்டை மாட்டிக்கொண்டே, "நல்ல நாளிலைதான் வந்திருக்கிறியள். நான் இண்டைக்குப் பழைய வீட்டடிக்குப் போறன். மழை கழுவிப்போடும், அதாலை மாசத்துக்கு ஒருக்காப் போய்த் திருப்பி எழுதிறன். வாறியளோ?" என்றார்.

இரண்டு ரயில், ஒரு பஸ். சாரல் அடித்தது. அங்கே இப்போது குடியிருந்த பெண் எங்களைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல், வாசலில் நின்ற குழந்தை வண்டியை ஓரமாக நகர்த்தினாள். நான் குடை பிடித்தேன். செங்கல்லைக் கைக்குட்டையால் ஈரம் போகத் துடைத்துவிட்டு, மங்கிப்போன எழுத்தின் மேலேயே அந்த அம்மா எழுதினார். முடித்ததும் மை காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கோடையிலும் குடை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிப் பார்க்கிற நாட்களில் ஒன்றை ஒதுக்கி, உறவினர் இருக்கும் பகுதியில் இப்படி ஒரு மனித உரிமைக் குழு இருந்தால் போய்க் கேளுங்கள். தமிழ் பேசத் தெரிந்த ஆள் அவர்களுக்கு எப்போதும் தேவைப்படுவார். கேட்டதைக் கேட்டபடியே மொழிபெயருங்கள், எவ்வளவு வாய் கூசினாலும். புறநகர்த் தெரு ஒன்றில் ஏதாவது வாசலில் தமிழ் எழுத்தைக் கண்டால், அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள். குமரன் என்று யாரையாவது வழியில் சந்தித்தால், அவனிடம் சொல்ல வேண்டியது அதில் இருக்கலாம்.