எந்த லாரி நல்ல லாரி?

போன இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே, உடம்புக்கு என்ன என்று சிலர் கார்டு போட்டுக் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. என் தம்பிக்கு லாரி டிரைவர் வேலை கிடைத்தது. அவ்வளவுதான்.

அதற்கும் பத்தி எழுதாமல் போனதற்கும் என்ன சம்பந்தம்? சொல்கிறேன்.

தம்பி நடராஜனுக்கு இருபத்தேழு வயது. ஐந்து வருடம் மில்லில் பதிலியாக இருந்தான். பதிலி என்றால் தெரியுமல்லவா? தினமும் காலையில் கேட் வாசலில் போய் நிற்க வேண்டும். உள்ளே யாராவது லீவு போட்டால் வேலை, இல்லாவிட்டால் வந்த வழியே வீடு. நின்று நின்று சலித்துப்போய், லாரியில் கிளீனராகப் போனான். இரண்டு வருடம் துடைத்து, கழுவி, டயர் மாற்றி, ஸ்டியரிங்கும் பிடிக்கக் கற்றுக்கொண்டான். அந்த லாரிக்காரர் வண்டியை விற்றுவிட்டார். மூன்று மாதம் வீட்டில் சும்மா இருந்தபோதுதான் ஹெவி லைசன்ஸ் கைக்கு வந்தது.

லைசன்ஸ் வந்த வாரமே மூன்று இடத்தில் ஆள் கேட்டார்கள். எங்கே போவது?

“நீங்களே பாத்துச் சொல்லுங்கக்கா” என்றான். பீளமேட்டில் எனக்கு அடுத்த தெருவில்தான் அவன் வீடு. நான் பள்ளிக்கூட டீச்சர். டீச்சருக்கு எல்லாம் தெரியும் என்று அவனுக்கு நம்பிக்கை.

எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. நோட்டில் கோடு போட்டு, சம்பளம் ஒரு பக்கம், வீடு திரும்பும் நேரம் ஒரு பக்கம் என்று எழுதிக்கொண்டேன். நேரம்தான் எனக்கு முக்கியம். தம்பி மனைவி சரஸ்வதி அப்போது ஆறு மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று ஐந்தாம் மாதத்தில் போனது; இன்னொன்று பிறந்து மூன்றாம் நாள். வீட்டில் வேறு பெரியவர்கள் கிடையாது. அவன் எந்நேரம் வீட்டில் இருப்பான் என்பது தெரிய வேண்டாமா?

முதலில் மேட்டுப்பாளையம் ரோட்டு ஷெட். ஜவுளி பேல் ஏற்றிக்கொண்டு பம்பாய் போகும் வண்டி. மாதம் நூறு ரூபாய், வெளியூரில் இருக்கும் நாளெல்லாம் தனியாகப் பேட்டா. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் புது டிரைவர் முதல் ஆறு மாதம் இரண்டாவது டிரைவர்தானாம். நேர்ரோட்டில் மட்டும் ஓட்ட வேண்டுமாம், சம்பளத்தில் பாதிதானாம். போக எத்தனை நாள், வர எத்தனை நாள் என்று கேட்டேன். போக நாலு நாள் என்றார் முதலாளி. வர?

“திரும்பு லோடு கெடைச்சா வந்துருவாங்க டீச்சரம்மா.”

எப்போது கிடைக்கும்?

“கெடைக்கறப்ப கெடைக்குமுங்க.”

இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

இரண்டாவது, ஒரு மில்லின் சொந்த லாரி. காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஆறு மணிக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமை லீவு. சம்பளம் குறைவுதான், ஆனால் மாதம் பிறந்தால் வந்துவிடும். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. கிளம்பும்போதுதான் டைம் ஆபீஸ்காரர் சொன்னார்... புது ஆள் முதல் வருடம் ஸ்பேர் டிரைவராம். பழைய டிரைவர் லீவு போட்டால்தான் வண்டி, வண்டி ஓட்டினால்தான் கூலி. அதாவது மறுபடியும் கேட் வாசல். நடராஜன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மூன்றாவது பொள்ளாச்சி. வால்பாறை எஸ்டேட்டுகளுக்கு அரிசி ஏற்றிப் போய், தேயிலைப் பெட்டி ஏற்றி இறங்கும் வண்டி. மாதச் சம்பளம் கிடையாது. ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி. இன்று மேலே போனால் நாளைக்குக் கீழே. கோயமுத்தூர் கிடங்கில் பெட்டியை இறக்கிவிட்டு வீட்டுக்கு வரலாம். புது ஆள் என்று கூலியில் பிடித்தம் இல்லை. ஏனென்றால் புது ஆள் யாரும் வருவதில்லை. நாற்பது கொண்டை ஊசி வளைவு, பனி, மழை. இதை நான் நோட்டில் இரண்டு கோடு போட்டு அடித்தே விட்டேன்.

முதலாளிகளைக் கேட்டால் இப்படித்தான், டிரைவர்களின் வீட்டில் கேட்போம் என்று பம்பாய் வண்டி டிரைவர் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காப்பி கொடுத்தார். கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். வீட்டுக்காரர் மாதத்தில் நாலு நாள் வருவார், அதில் மூன்று நாள் தூங்குவார், தனக்கும் அவருக்கும் கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு சண்டை வந்ததில்லை என்றார். இது வருத்தமா, சந்தோஷமா? அந்தம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்ணைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

காப்பியைக் குடித்துவிட்டு, போனபோது இருந்ததைவிடக் குழப்பமாகத் திரும்பினேன்.

இப்படியே மூன்று வாரம் ஓடியது. கடைசியில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு, மில் லாரியே சரி, ஸ்பேரானால் என்ன, வீட்டில் இருப்பானே என்று முடிவுக்கு வந்தேன். நடராஜனிடம் சொன்னேன். “செரிங்கக்கா” என்றான். அவன் எதற்குத்தான் செரி சொல்லவில்லை? மறுநாள் மில்லுக்குப் போய்விட்டு வந்து, அந்த இடத்துக்குப் போன வாரமே ஆள் போட்டுவிட்டார்கள் என்றான். பம்பாய் வண்டியிலும் வேறொரு ஆள் ஏறிவிட்டானாம்.

மிச்சம் இருந்தது வால்பாறை மட்டும்.

அன்று மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் கடைக்குப் போயிருந்தான். சரஸ்வதி அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். வால்பாறை வேண்டாம், பொறுத்திருப்போம், வேறு நல்ல வேலை வரும் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அவள் கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள்.

“நங்கை, நான் ஒன்னு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?” என்றாள். கணவனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்பார்கள்.

“சொல்லு அம்மிணி.”

“மூனு மாசமா ஊட்டுலயே இருக்கறாருங்க. நான் எந்திரிச்சா எந்திரிக்கறாரு. கொடத்தத் தூக்குனாப் புடுங்கிக்கறாரு. வாயத் தொறந்து ஒன்னுஞ் சொல்றதில்லீங்க. வயித்தையே பாக்கறாரு. அவரு பாக்கறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்குதுங்க. எங்கியாச்சும் போயிட்டு வரட்டுமுங்க.”

மூன்று வாரம் மூன்று இடம் அலைந்தேனே, இவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று நானே எழுதி வைத்துக்கொண்டேன்.

வால்பாறைக்கே போ என்றேன்; நடராஜன் வண்டியில் ஏறினான். ஒருநாள் மலை, ஒருநாள் வீடு. சரஸ்வதி முகம் தெளிந்தது. அவனும் வாய் திறந்து பேச ஆரம்பித்தான். எந்த வளைவில் யானை நின்றது, எந்த எஸ்டேட்டில் பெட்டி கட்ட நேரமாக்குகிறார்கள் என்று ஏதாவது ஒரு கதை. அடடா, நல்ல வேலைதான் போலிருக்கிறது என்று நானும் நினைக்கத் தொடங்கினேன்.

அப்போதுதான், டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் அவளுக்கு வலி கண்டது. அவன் முந்தின நாள்தான் மேலே போயிருந்தான்.

ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பள்ளிக்கூடத்து ஃபோனில் பொள்ளாச்சி முதலாளிக்கு டிரங்க் கால் போட்டேன். அவர் வால்பாறை போகும் முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். என்ன சொல்லச் சொன்னேன்? ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது என்று மட்டும். அதற்கு மேல் எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது.

பதினோரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு. ஆனால் நன்றாக அழுதது. அந்த அழுகையைக் கேட்டு வராந்தாவில் உட்கார்ந்து நானும் அழுதேன். பிறகு வாசலைப் பார்க்க ஆரம்பித்தேன். வழக்கமாக மூன்று மணிக்கு ஊருக்குள் வந்துவிடுகிறவன். இன்று பறந்து வருவான், இரண்டுக்கே வந்துவிடுவான் என்று நினைத்தேன்.

இரண்டு ஆனது. மூன்று ஆனது. நாலு... நாற்பது வளைவும் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்தது. நான்தானே அனுப்பினேன்?

ஐந்தே முக்காலுக்கு வந்தான். சட்டையெல்லாம் தேயிலைத் தூசி. என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே நின்றுவிட்டான். நானே போய், பெண் குழந்தை, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் இவ்வளவு நேரம், வண்டிக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டேன்.

“ஒன்னும் ஆகலீங்கக்கா. ஒம்பது மணிக்கே சேதி தெரிஞ்சுபோச்சு. மலையில மெதுவா எறக்குனேன்” என்றான். பிறகு, “சமவெளிக்கு வந்தப்பறமும் மெதுவாத்தான் வந்தேனுங்க. இங்க வந்து சேந்துட்டா என்னன்னு தெரிஞ்சுபோடுமே... அதுக்காகவான்னு எனக்கே தெரியலீங்கக்கா” என்றான்.

அவனுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?

உள்ளே அழைத்துப்போனேன். குழந்தையைத் தொடாமல் குனிந்து பார்த்தான். அடுத்த நடை வியாழக்கிழமை என்று அவன் சொன்னபோது, போய்விட்டு வாருங்கள் என்று சரஸ்வதி சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள்தானே அவனை எங்கேயாவது அனுப்பிவிடச் சொன்னவள்?

“வேண்டாமுங்க. ஒரு பத்து நாளைக்கு எங்கியும் போகாதீங்க” என்றாள்.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடியதில்தான் இந்தப் பக்கம் இரண்டு வாரம் நின்றுபோனது. மனுஷருக்கு ஆடியில் ஒன்று வேண்டியிருக்கிறது, புரட்டாசியில் ஒன்று வேண்டியிருக்கிறது. அதற்குத் தோதாக எந்த முதலாளி லோடு ஏற்றுவார்? புதிதாக லைசன்ஸ் எடுத்திருக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்துவிட்டு, எந்த வேலை நல்லது என்று என்னைக் கேட்டு எழுத வேண்டாம். எனக்குத் தெரியாது.

பத்து நாள் என்று சொன்னாளே, நடராஜன் எத்தனை நாள் இருந்தான் என்கிறீர்களா? நாலு நாள். ஐந்தாம் நாள் காலையில், பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவளே கிளப்பிவிட்டாள்.